பிளக்கைக் கழற்றிய பின் வாசிக்கவும்

என் கணவர் எனக்கு எழுதிய கடிதங்களில் ஐந்தை மட்டும் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் வைத்திருக்கிறேன். காதல் கடிதம் என்று எவரும் அவற்றைச் சொல்லமாட்டார்கள். ஐந்தும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: “முதலில் பிளக்கைக் கழற்றும். கழற்றியாயிற்றா? இனி வாசியும்.” அதன் கீழே வால்வுகளும் வயர்களுமாகப் பென்சிலால் கீறிய படங்கள். நான்கு கடிதங்கள் கப்பலிலிருந்து வந்தவை. ஐந்தாவது எங்கிருந்து வந்தது என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அவர் காலமான பிறகு வந்திருக்கும் முதல் மாரி இது. மழை இருட்டில் வெளியே போக ஏலாமல், ரின்னைத் திறந்தேன். அந்தப் படங்களுக்குரிய றேடியோ ஓடாமல் நின்று இப்போது இரண்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் வாசிக்கத் தொடங்குமுன் எழும்பிப் போய், சுவரில் பிளக் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்து இருந்தேன். சொன்ன சொல்லைக் கேட்காத மனுசி என்று பேர் எடுத்தவள் நான். இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லை மீறியதில்லை.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் மின்சார வேலை செய்தவர். தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர் கப்பலேறியபோது எங்கள் ஊரில் பாதிப் பேருடைய வேலையும் கூடவே கப்பலேறியது. இவர் சீனக்குடாவில் கொஞ்சநாள், கந்தளாயில் கொஞ்சநாள் என்று அலைந்தார். பிறகு ஒருநாள் மத்தியானம், ஒரு சரக்குக் கப்பலில் எலக்ட்ரீசியன் வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே அதைச் சொன்னார். கலியாணம் முடித்து நான்கு வருடம். பிள்ளை இல்லை. வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றேன்.

“கேட்டா வேண்டாம் எண்டுவீர்.”

“ஓம், எண்டுவன்தான்.”

“அதுதான் கேக்கேல்ல” என்றார். சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பிறந்தவர். எங்கள் வீட்டில் இருவருக்குமாகச் சேர்த்து நானே கதைப்பேன், நானே கோபிப்பேன், ஆள் திரும்பிச் சண்டை பிடிக்காத அலுப்பில் நானே ஆறுவேன். அந்தமுறை ஆறவில்லை. போகிற அன்று வரைக்கும் முகம் கொடுக்கவில்லை.

நான் தபாற்கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முன்னால் உள்ள பலகையில் வயரைக் குத்தி, ஊரில் எல்லோரையும் எல்லோருடனும் கதைக்க வைக்கிற வேலை. அவர் பின்னேர ரெயிலில் கொழும்புக்குப் போனார். அன்று என் முறை பின்னேரம். இன்னொரு பிள்ளையிடம் முறையை மாற்றிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ‘போறவர் போகட்டும்’ என்று வீம்பாகப் பலகைக்கு முன்னால் இருந்தேன். ரெயில் வெளிக்கிடும் நேரம் பார்த்து, பசாரில் ஒரு வியாபாரி ஸ்ரேசனுக்குத் தொடர்பு கேட்டார். கொடுத்தேன். கொடுத்த கையோடு நாங்கள் வயரை விட்டுக் காதை எடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. நான் எடுக்கவில்லை. ஸ்ரேசன் மாஸ்ரர் ஏதோ மூட்டைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் ரெயில் கூவியது. கூவல் நீண்டு தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரைப் பிள்ளை, “ஏன் அக்கா அழுகிறீங்கள்?” என்றாள். தடிமன் என்றேன். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதல் ஏழு எட்டு மாதம் அவரிடமிருந்து வந்த கடிதங்களை வைத்திருக்கவில்லை. வைத்திருக்க அவற்றில் ஒன்றுமில்லை. ‘நலம். நலமறிய ஆவல். அடுத்த துறைமுகம் இன்னது’. மூன்று வரிக்கு மேல் போகாது. நானும் மூன்று வரியிலேயே பதில் போட்டேன். கடிதத்திலும் அவருக்காக நானே கதைக்க வேண்டுமா என்ற கோபம் எனக்கு. கோபத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது. கட்டிலின் அந்தப் பக்கத்துத் தலையணை உறையை நான் தோய்க்காமல் வைத்திருந்தேன்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த கிழமை, அவரோடு கப்பலில் இருந்து வேலை முடித்துத் திரும்பிய மூதூர்க்காரர் ஒருவர் மோட்டார் லோஞ்சில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு பொதி. ஒன்றில், பாற்கட்டி நிறத்தில் ஒரு அமெரிக்கன் றேடியோ. ஒரு பக்கம் அலைவரிசை முள், மற்றப் பக்கம் வட்டமான மணிக்கூடு. சொன்ன நேரத்துக்குத் தானே பாடத் தொடங்கி ஆளை எழுப்புமாம். மற்றப் பொதியில் செங்கல் பாரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அமெரிக்காவில் கரண்டின் வேகம் நூற்றுப்பத்து வோல்ற், இங்கே இருநூற்று முப்பது. ஆகவே இந்தப் பெட்டிக்குள்ளால் கரண்டைக் குறைத்துத்தான் றேடியோவுக்குக் கொடுக்க வேண்டும் என்று என் கணவர் ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருந்தார். என்னைப் பற்றி அந்தத் துண்டில் ஒன்றுமில்லை.

மூதூர்க்காரரே கரண்டில் பூட்டித் தந்தார். றேடியோ மூச்சுக்கூட விடவில்லை. மணிக்கூட்டு முள் அசையவில்லை. அந்த மனிதரின் முகம் செத்துவிட்டது.

“பத்துத் தரம் சொல்லி அனுப்பினவர், கவனம் கவனம் எண்டு. லோஞ்சில அலை அடிச்சது தங்கச்சி. ஆனா மடியிலதான் வச்சிருந்தன்.”

“நீங்கள் என்ன செய்யிறது அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றேன். உள்ளுக்குள் எனக்கு எரிந்தது அவர்மேல் இல்லை. என் மனுசன் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒன்று அனுப்புகிறார், அதுவும் ஊமை.

பசாரில் றேடியோ திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். கிண்ணியாவிலிருந்து தினமும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி வந்து கடை திறப்பவர். ஒரு சீலையில் சுற்றி அவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடினார்.

“அமெரிக்கன் சாமான் தங்கச்சி. இதுக்குரிய படம் என்னட்ட இல்ல. உங்கட வீட்டு மாஸ்டர் வந்து பாப்பார், அதுவரைக்கும் வையுங்க. பொம்பிளையள் கை வச்சிராதீங்க, ஆளையே தூக்கிரும்.”

கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது, பாவம். அதே சீலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கப்பலில் இருந்த என் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் திட்டு. ‘செத்ததை அனுப்பியிருக்கிறீர்கள், எப்படி உயிர்ப்பிப்பது என்றும் எழுதி அனுப்புங்கள், நீங்கள் வருகிறபோது இது பாடிக்கொண்டிருக்கும்’ என்று முடித்தேன். வீம்புக்குத்தான் எழுதினேன்.

ஒரு மாதத்தால் பதில் வந்தது. உறை தடித்திருந்தது. ஐந்து பக்கம். அந்த மனிதர் என் வாழ்க்கையில் எனக்கு எழுதிய மொத்த எழுத்தையும்விட அது அதிகம்.

“முதலில் பிளக்கைக் கழற்றும். கழற்றியாயிற்றா? இனி வாசியும். அந்தப் பெட்டிக்குள் ஐந்து வால்வுகள் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்குத் தொடராகக் கட்டும் பல்ப்புகள் மாதிரி ஐந்தும் ஒரே வரிசை. ஒன்றின் இழை அறுந்தால் ஐந்தும் எரியா. எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. உம்மால் ஏலும்.”

அந்த ‘உம்மால் ஏலும்’ என்ற இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். கந்தோரில் கழித்துப்போட்ட காதுக்கருவி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அதையும் ஒரு ரோச் பற்றரியையும் வயரால் இணைத்து, வால்வின் அடியில் தான் புள்ளி போட்டுக் காட்டிய இரண்டு ஊசிகளிலும் தொட வேண்டும். இழை நல்லதென்றால் காதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அறுந்ததென்றால் வராது. என் வேலையை, என் காதை, அவ்வளவு தூரத்தில் இருந்தும் அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். வீட்டில் இருந்த நான்கு வருடத்தில் ‘இண்டைக்குக் கந்தோர் எப்பிடி?’ என்று ஒருநாள் கேட்டதில்லை.

அடுத்தநாள் பின்னேரம், கூரை ஒழுக்குக்கு வாளி வைத்துவிட்டு, மேசையில் வேட்டி விரித்து இருந்தேன். பகல் முழுக்க ஊர்க்கதை கேட்ட காதில் திரும்பவும் கருவியை மாட்டினேன். முதல் வால்வு டிக் என்றது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் டிக் என்றன. ஐந்தாவது வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஒன்று உள்ளே இருக்கிறது என்று நினைத்தேன். அவர் போனபிறகு அவரை நினைத்துச் சிரித்தது அன்றுதான்.

அந்த வால்வை ஒரு கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு நானாவிடம் போனால் கடை பூட்டு. கடல் கொந்தளிப்பில் கிண்ணியாப் பாதை ஓடவில்லை. எட்டு நாள், கந்தோர் விட்டு வரும்போதெல்லாம் குடையைக் காற்று புரட்டியடிக்க, அந்தப் பூட்டிய பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒன்பதாம் நாள் நானா வந்திருந்தார். வெள்ளைக்காரர் போனபோது ஏலத்தில் எடுத்த பழைய வால்வுகள் ஒரு ரின் நிறைய அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து இலக்கம் பார்த்து, ஒன்றை எடுத்து வைத்தார்.

“இதுதான் போயிருக்கு எண்டு ஆரு பாத்துச் சொன்னது?”

“நான்தான் பாத்தனான்.”

நானா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அதன்பிறகு அவர் வாயில் பொம்பிளைக் கதை வரவில்லை. ஈயம் ஒட்டுகிற இரும்பையும் தானாகவே இரவல் தந்தார்.

ஐந்து வால்வும் சேர்ந்து செம்மஞ்சளாக எரிந்ததைப் பார்த்தபோது வீட்டில் ஒருவர் வந்து இருந்ததுபோல இருந்தது. ஆனால் பாட்டு வரவில்லை. குளவிக்கூட்டில் கல் எறிந்ததுபோல ஒரே இரைச்சல். உடனே கடிதம் போட்டேன். இம்முறை திட்டு அரைப் பக்கம்தான். மிச்சம் முழுக்க என்ன செய்தேன், எங்கே தொட்டேன், எது சுட்டது என்ற விபரம். நான் எழுதுவதற்கு ஆசைப்பட்டு எழுதிய முதல் கடிதம் அது.

இரண்டாவது பதில் மார்கழியில் வந்தது. பெரிய கண்டன்சர் காய்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டும், பிளக்கைக் கழற்றினாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், ஒருநாள் முழுக்க ஆறவிட்டே கை வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ‘ஒருநாள் முழுக்க’ என்பதற்குக் கீழே மூன்று கோடு. கடைசிப் பக்க ஓரத்தில் சிறிய எழுத்தில், “இங்கே பனி கொட்டுகிறது. டெக்கில் கயிறெல்லாம் கம்பி மாதிரி விறைத்துக் கிடக்கிறது. கை நடுங்குவதால் படம் கோணல், பொறுத்துக்கொள்ளும்” என்று இருந்தது. எனக்குப் படம் கோணலாகத் தெரியவில்லை. அவருடைய கம்பளி மேல்சட்டை அலுமாரியில்தான் கிடந்தது. கோபத்தில் நான் எடுத்து வைக்காமல் விட்டது. எடுத்து வெளியே வைத்து, திரும்ப உள்ளே வைத்தேன்.

கண்டன்சரை மாற்றும்போது வேட்டியைச் சுட்டேன், விரலைச் சுட்டேன். முதல் மூன்று ஒட்டும் எச்சில் துப்பியதுபோலப் பிதுங்கி நின்றன. நாலாவது சரியாக வந்தது. தைப்பொங்கல் கழிந்து இரண்டு மூன்று நாளால், காலையில் கோப்பித்தண்ணியோடு இருந்து சுவிச்சைத் திருப்பினேன். கொழும்பிலிருந்து ஒரு குரல் வந்தது. கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனவர்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்றது. நான் இருந்து அழுதேன். மீனவர்களுக்குச் சொன்னதைக் கேட்டு இப்படி அழுத மனுசி இந்தக் கரையில் வேறு ஆளில்லை.

மணிக்கூடுதான் மிச்சம். அது மட்டும் இறுகிப்போய் நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு நிம்மதி. எல்லாம் ஒரேயடியாகச் சரிவந்தால் பிறகு எதைக் கேட்டு எழுதுவது? அதைக் கேட்டு எழுதினேன். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை; அவருடைய பதில் வருமுன் குசினியிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். மூன்றாவது கடிதம் இப்படி வந்தது: “முதலில் பிளக்கைக் கழற்றும். கழற்றியாயிற்றா? இனி வாசியும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடும். தேங்காயெண்ணெய் விட வேண்டாம். விட்டிருப்பீர். உம்மை எனக்குத் தெரியும். விட்டிருந்தால் மண்ணெண்ணெயால் கழுவிவிட்டு இதை விடும்.” வீட்டில் தனியே நின்று, “சரியப்பா” என்று சத்தமாகச் சொன்னேன்.

கழுவி, எண்ணெய் விட்டு, பூட்டினேன். முள் ஓடத் தொடங்கியது. காலையில் வானொலி ஆறு மணி என்று சொன்னபோது மணிக்கூட்டையும் ஆறுக்கு வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போனேன். பின்னேரம் ஆறு மணிக்கு அது நான்கைக் காட்டியது. திரும்பக் கழற்றிக் கழுவினேன். அடுத்தநாளும் ஆறுக்கு நான்கு. மூன்றுமுறை கழற்றிப் பூட்டி, பொறுமை கெட்டு, பெட்டியோடு நானாவிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

நானா உள்ளே பார்க்கவே இல்லை. பின்பக்கத் தகட்டில் பொறித்திருந்த சின்ன எழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“உங்கட வேலையில பிழை இல்ல தங்கச்சி. அமெரிக்காவில கரண்ட் ஒரு செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும். இந்த மணிக்கூடு அந்தத் துடிப்ப எண்ணித்தான் ஓடுது. எங்கட கரண்ட் துடிக்கிறது அம்பது தரம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு மணித்தியாலம் களவு போகும். இரும்புப் பெட்டி வேகத்தைத்தான் குறைக்கும், துடிப்ப மாத்தாது. ஒண்டும் செய்ய ஏலாது. மாஸ்டருக்குத் தெரியாத விசயமா இது? எப்பிடி மறந்தாரோ!”

சிரிப்பு அடங்கி அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி சொல்லவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று வெளிக்கிட்டேன்.

பத்து வருடம் இந்த ஊர்க் கரண்டோடு வேலை செய்தவர். கண்ணை மூடிக்கொண்டு வயர் பிடிப்பவர். சில மாதத்துக்குள் எங்கள் கரண்டே மறந்துபோயிற்று! அது மறந்தால் வேறு என்னென்ன மறந்திருக்கும்? வீட்டுக்கு வந்து எழுதினேன். இம்முறை திட்டு ஒன்றும் இல்லை. அலைவரிசை முள்ளை இழுக்கும் நூல் வழுக்குகிறது, என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குக் கீழே, ‘எங்கள் ஊர்க் கரண்ட் ஐம்பது என்பது உங்களுக்கு மறந்துபோனதா?’ என்று ஒரே ஒரு வரி கேட்டேன்.

நான்காவது கடிதம் பங்குனி வெயிலில் வந்தது. நூலைப் பற்றி இரண்டு பக்கம். மெழுகு பூச வேண்டும், இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், இந்தப் பக்கத்தால் எடுக்க வேண்டும். மற்றக் கேள்வி தன் கண்ணில் படாததுபோல ஒரு சொல் இல்லை. கடிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்ளே பார்த்தேன்.

அதற்குப் பிறகு பழுதுபார்க்க ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பழுதுகளை நானே கற்பித்து எழுதிப் பார்த்தேன். ‘அது ஒன்றும் செய்யாது, அப்படியே விடும்’ என்று ஒரு வரியில் கண்டுபிடித்துவிட்டார். கடிதங்கள் திரும்பவும் மூன்று வரியாயின. நலம். நலமறிய ஆவல். அடுத்த துறைமுகம் இன்னது. நான் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு மணிக்கூட்டைச் சரிசெய்வேன், அது பின்னேரத்துக்குள் இரண்டு மணித்தியாலம் பின்தங்கும்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். இந்தமுறை ஸ்ரேசனுக்குப் போனேன். கறுத்து, மெலிந்து, காதோரம் நரைத்து இறங்கினார். “சுகமே?” என்றார். “சுகம்” என்றேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, றேடியோவின் பின்மூடியைத் திறந்து பார்த்தார். “நல்லா ஒட்டியிருக்கிறீர்” என்றார். அவ்வளவுதான். துறைமுகத்தில் திரும்ப வேலை கிடைத்தது. காலையில் போவார், பின்னேரம் வருவார், கதிரையில் இருந்து செய்தி கேட்பார். நான் மணிக்கூட்டைச் சரிசெய்வதைப் பார்ப்பார், பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டுவார்.

ஆள் கப்பலில் இருந்தபோது அவருக்காக ஏங்கினேன் என்று சொன்னால் ஊர் விளங்கிக்கொள்ளும். பக்கத்துக் கதிரையில் இருக்கும்போது ஏங்கினேன் என்பதை யாரிடம் சொல்வது? ஐந்து பக்கம் எழுதியவரை, கை நடுங்கியவரை, ‘உம்மை எனக்குத் தெரியும்’ என்றவரை நான் தேடினேன். அந்த ஆள் கப்பலை விட்டு இறங்கவே இல்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. குத்தலாகக் கதைத்துப் பார்த்தேன்; ‘ம்’ என்றார். கோபித்துப் பார்த்தேன், குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

அடுத்த மாரி வந்தது. ஒருநாள் அவர் வேலைக்குப் போனபிறகு, பிளக்கைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ஸ்பீக்கருக்குப் போகும் வயரைத் தையல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு மூடி வைத்தேன். திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. திருத்துவதற்கென்றாவது என்னோடு மேசையில் வந்து இருப்பார், இதைப் பிடியும் அதைத் தாரும் என்றாவது நாலு வார்த்தை கதைப்பார்.

பின்னேரம் வந்து சுவிச்சைத் திருப்பினார். சத்தமில்லை. கழற்றினார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். வயரின் இரண்டு நுனியையும் விரலில் வைத்துப் பார்த்தார். பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தானாக அறுகிற வயர் பிய்ந்து பிசிறாகும். கத்தரிக்கோல் பட்டது நேராக இருக்கும். நான்கு கடிதம் படித்த எனக்கே அது தெரியும். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பி ஒருதரம் பார்த்தார். மூடியைப் பூட்டினார். மழைக்குள் இறங்கிப் போனார்.

மூன்று நாள் வீட்டில் றேடியோவும் இல்லை, பேச்சும் இல்லை. வெட்கத்தில் நானும் வாய் திறக்கவில்லை. அவருக்கு என்மேல் இருந்த கொஞ்ச மதிப்பையும் ஒரு கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

நான்காம் நாள், கந்தோரில் பலகைக்கு முன்னால் இருக்கிறேன், எங்கள் வட்டாரத் தபாற்காரர் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“அக்கா, மாஸ்டர் திரும்பவும் கப்பலேறிட்டாரோ? எழுத்து அவற்ற எழுத்து. ஆனா முத்திரையில எங்கட கந்தோர்ச் சீல் கிடக்கு.”

உறையைப் பிரித்தேன். “முதலில் பிளக்கைக் கழற்றும். கழற்றியாயிற்றா? இனி வாசியும்.”

மேலே வாசிக்கவில்லை. பிளக் வீட்டில் இருந்தது. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முறை முடியும்வரை ஊரின் கதையெல்லாம் இணைத்தேன். எத்தனை பேருக்குப் பிழையான தொடர்பு கொடுத்தேனோ தெரியாது.

அவர் எனக்குமுன் வந்து கதிரையில் இருந்தார். நான் அவரைப் பார்க்காமல் நேரே போய், சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினேன். குசினிக்குள் போய், யன்னல் வெளிச்சத்தில் நின்று வாசித்தேன்.

“ஸ்பீக்கர் வயர் அறுந்திருக்கிறது. எப்படி அறுந்தது என்று கேட்கமாட்டேன். இரண்டு நுனியையும் சுரண்டி, முறுக்கி, ஈயம் ஒட்டினால் சரி. என்னைவிட உமக்கு நன்றாக ஒட்ட வரும்.

முன்பு நீர் ஒன்று கேட்டீர். பதில் எழுத வெட்கமாக இருந்தது. அந்த மணிக்கூட்டை வாங்கியதும் எங்கள் ஊர் நேரத்துக்கு வைத்தேன். கப்பலில் இருந்ததும் அமெரிக்கக் கரண்ட்தான், அதனால் பிழையில்லாமல் ஓடியது. அனுப்ப ஆள் கிடைக்கும்வரை பதினெட்டு நாள் என் தலைமாட்டில் இருந்தது. அது ஐந்தைக் காட்டினால் நீர் கிணற்றடியில். எட்டைக் காட்டினால் பலகைக்கு முன்னால். இரண்டைக் காட்டினால் குடையை விரித்துக்கொண்டு கந்தோரால் வெளிக்கிடுவீர். அது ஒருநாளும் பிந்தவில்லை. உமக்கு அனுப்பும்போது வேகத்தை யோசித்துப் பெட்டி வாங்கினேன். துடிப்பை யோசிக்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து, உம்முடைய நேரம் அதற்குள் இருக்கிறது என்றே நம்பிவிட்டேன். பத்து வருட வேலைக்காரன் செய்யக்கூடிய பிழையா அது?

நேரில் எனக்கு வாய் வராது. உமக்குத் தெரியும். இனி ஏதும் பழுதென்றால் வயரை வெட்ட வேண்டாம், எழுதிக் கேளும்.”

மழை இரைந்துகொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

“கடிதம் வந்ததோ?” என்றார்.

“ஓம்.”

“பிளக்கைக் கழட்டினீரோ?”

“கழட்டிப்போட்டுத்தான் வாசிச்சனான்.”

“ம்” என்றார்.

அன்று விளக்கு வைக்குமுன் மேசையில் இருந்து பதில் எழுதினேன். அவர் நாலடி தள்ளிக் கதிரையில்தான் இருந்தார், எட்டிப் பார்க்கவில்லை. ஒரு முத்திரை ஒட்டி, அடுத்தநாள் கந்தோர்ப் பெட்டியில் போட்டேன். ‘நீங்கள் போன அன்று ஸ்ரேசனில் ரெயில் கூவியது எனக்குக் கேட்டது’ என்றுதான் தொடங்கியிருந்தேன்.